பழைய காருக்குச் சரியான போல்ட் எது?
செராஸ் பட்டறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

செராஸ் வட்டாரத்தில் பழைய காரைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் முதலில் பெயின்ட்டுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். அடுத்து இன்ஜின், பிறகு சீட், குரோம், டயர். போல்ட்டுக்கும் நட்டுக்கும் என்று தனியாகப் பணம் ஒதுக்குகிறவரைக் காண்பது அரிது. கழற்றியதெல்லாம் மைலோ டின்னில் கிடக்கிறது, குறைவதைப் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம் என உயிரைத் தாங்கும் ஒவ்வொரு மூட்டையும் பிடித்து வைத்திருப்பது அந்த டின்னில் கிடப்பவைதான். எந்த இடத்துக்கு எந்தப் போல்ட் என்பது கடைசியில் பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலை இல்லை; காரைக் கழற்றும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அது.

‘சரியான போல்ட்’ என்று சொல்லும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைக்கிறார்கள். கண்காட்சிக்கு வண்டி கொண்டு போகிறவருக்கு, தொழிற்சாலையில் போட்ட அதே தலைக்குறியுள்ள போல்ட்தான் சரி. தினமும் ஓட்டுகிறவருக்குத் துருப்பிடிக்காதது சரி. பட்டறைக்காரருக்குக் கையில் இருக்கும் ஸ்பேனர் பிடிப்பது சரி. இந்த மூன்றையும் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மரை பொருந்துகிறதா? அந்த இடத்தின் பாரத்தைத் தாங்குமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே தோற்றத்தைப் பேச வேண்டும் என்பது என் முடிவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வரிசை ஏன் மற்ற ஊர்களைவிட அதிகம் முக்கியம் என்பதற்கு இங்கு வந்து சேர்ந்த கார்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

ஜாலான் சான் சோவ் லின்னிலிருந்து செராஸ் சாலை வழியாகப் பலாக்கோங் வரை பட்டறைகளில் நிற்கும் பழைய வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மோரிஸ் மைனர், மினி, ஆஸ்டின் ஒரு பக்கம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில், மெர்சிடிஸ் இன்னொரு பக்கம். டொயோட்டா கொரோலா, டாட்சன் 120ஒய், 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா மூன்றாவது பக்கம். பிரிட்டிஷ் அங்குலம், ஜெர்மானிய மெட்ரிக், ஜப்பானிய மெட்ரிக் என்று மூன்று உலகங்கள் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. ஒரே பட்டறை, ஒரே ஸ்பேனர் பெட்டி, ஒரே மைலோ டின். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் உலகமே ஒன்றல்ல, பல. 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை 55 பாகைக் கோணம் கொண்டது. அதே கோணத்தில் நெருக்கமான மரையாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பி.எஸ்.எஃப். வந்தது. மின்சாதனங்களுக்கும் கார்புரேட்டருக்கும் பி.ஏ. என்ற சிறு திருகாணி வரிசை தனியாக இருந்தது. அதன் கோணம் 47.5 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த மரையோ 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் இந்த வேறுபாடு பெருந்தலைவலி ஆனது. பிரிட்டனின் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் தயாரித்த பேக்கார்ட் நிறுவனம், அங்கே கிடைக்காத பிரிட்டிஷ் மரைகளை வெட்டுவதற்கான கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தின் விளைவாக 1948 நவம்பர் 18 அன்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. அதுதான் யூனிஃபைட் மரை, கரடானது யு.என்.சி., நெருக்கமானது யு.என்.எஃப்.

மோரிஸ் மைனர் அறிமுகமானது அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, 1948 செப்டம்பரில். எனவே தொடக்ககால மைனரில் பழைய பி.எஸ்.எஃப். தலைகாட்டும், 1950களின் பிற்பகுதியில் வந்த மைனர் 1000இல் பெரும்பாலும் யு.என்.எஃப். ஆட்சி. இரண்டு வண்டிகளும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் ஒன்றின் நட் மற்றதற்குச் சேராது. எம்.ஜி. டி வரிசை வண்டிகள் இன்னும் விசித்திரம். 1923இல் மோரிஸ் வாங்கிய கவன்ட்ரி இன்ஜின் ஆலை அதற்கு முன் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனத்துடையது. அங்கிருந்த பிரெஞ்சு இயந்திரங்களால் மரை மெட்ரிக்காகவே வெட்டப்பட்டது. ஆனால் வெளியே தலையும் நட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்குப் பொருந்தும்படி செய்யப்பட்டன. அந்தப் பழக்கம் 1950களின் நடுப்பகுதி வரை எம்.ஜி. இன்ஜினில் தொடர்ந்தது. தலையைப் பார்த்து மரையை முடிவு செய்கிறவர் அங்கே கட்டாயம் ஏமாறுவார்.

நாட்டை வைத்து ஊகிப்பதும் ஆபத்து. வால்வோ 144, 1960களின் இறுதியில் நம் ஷா ஆலாம் பத்து தீகா ஆலையில் பூட்டப்பட்ட வண்டி. சுவீடன் மெட்ரிக் நாடு என்பதால் அதுவும் மெட்ரிக்காகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் கால வால்வோவின் இன்ஜினில் இருப்பது யு.என்.சி.யும் யு.என்.எஃப்.உம், சக்கர ஸ்டட்கூட அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை.

ஜப்பானிய மெட்ரிக்கும் ஜெர்மானிய மெட்ரிக்கும் ஒன்றே என்று நினைப்பவர்கள் பலர். 8 மி.மீ. போல்ட்டில் மரை இரண்டிலும் 1.25 மி.மீ. பிட்ச்தான். ஆனால் ஜெர்மானிய அளவில் அதன் தலைக்கு 13 ஸ்பேனர் வேண்டும், ஜப்பானிய அளவில் 12 போதும். 10 மி.மீ. போல்ட்டில் ஜெர்மானியத் தலை 17, ஜப்பானியத் தலை 14. மரையும் அங்கே மாறும்: ஜெர்மானிய வண்டிகளில் வழக்கம் 1.5 பிட்ச், ஜப்பானிய வண்டிகளில் 1.25. ஒரு கொரோலாவின் அடியில் படுத்துப் பார்க்கும்போது 13 ஸ்பேனர் கேட்கும் போல்ட் தென்பட்டால், அது தொழிற்சாலையில் போட்டதல்ல, பின்னால் யாரோ கடையில் வாங்கிப் போட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்த மூட்டில் முன்பே கை வைத்திருக்கிறார்கள், கவனித்துப் பார் என்று அந்தப் போல்ட் நம்மை எச்சரிக்கிறது.

கார்புரேட்டரின் கூட்டல் குறித் தலை திருகாணிகளும் இதே கதைதான். ஜப்பானியத் திருகாணியின் பள்ளம் பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவருக்காக வெட்டப்பட்டதல்ல. வடிவம் ஒன்றுபோல் தெரியும். அழுத்தித் திருகினால் முனை எகிறி வெளியே வந்து தலையைச் சிதைக்கும். பல ஜப்பானியத் திருகாணிகளின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். ஜப்பானிய அளவு ஸ்குரூ டிரைவர் ஒன்று கையில் இருந்தால், நாற்பது ஆண்டுகள் அசையாத திருகாணிகூடச் சேதமில்லாமல் வந்துவிடும்.

பொருந்தவே பொருந்தாத மரை ஆபத்தில்லை, ஏனென்றால் அது ஏறாது. கிட்டத்தட்டப் பொருந்தும் மரைதான் ஆளைக் கொல்லும். 12 மி.மீ. விட்டமும் 1.25 பிட்ச்சும் கொண்ட சக்கர ஸ்டட் டாட்சன் 120ஒய்யில் இருக்கிறது. மேலே சொன்ன வால்வோவின் நட் 12.7 மி.மீ., பிட்ச் 1.27. டாட்சனின் ஸ்டட்டில் வால்வோவின் நட் ஏறிவிடும். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ஆனால் சுற்றும், இறுகுவதுபோலவும் தோன்றும். உள்ளே மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தப் பிடி எத்தனை தூரம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. டொயோட்டாவிலும் சாகாவிலும் ஸ்டட் 12 மி.மீ., பிட்ச் 1.5. அந்த நட்டை டாட்சனில் போட்டால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். அங்கேதான் அவசரக்காரர் ஏர் கன்னை எடுத்து மீதியை ஏற்றி, ஸ்டட்டையும் சேர்த்துப் பாழாக்குகிறார். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். மரை சரியாக இருந்தும் அடிப்பகுதி பொருந்தாத நட், ரிம்மைச் சிறு வளையம் ஒன்றில் மட்டுமே தொடும். ஓட ஓடத் தளரும்.

கரடான விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் இதே உறவு. கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 20 மரை, 5/16இல் இரண்டுக்கும் 18, 3/8இல் இரண்டுக்கும் 16. கோணம்தான் வேறு, 55 பாகையும் 60 பாகையும். கையால் ஏற்றினால் ஏறும், ஆனால் சாய்வுகள் முழுதாகப் படியாது. அரை அங்குலத்துக்கு வரும்போது ஒன்றில் 12, மற்றதில் 13 என்று வெளிப்படையாகவே பிரிந்துவிடும். லூகாஸ் மின்சாதனங்களில் உள்ள 2 பி.ஏ. திருகாணி 4.7 மி.மீ., பிட்ச் 0.81, கடையில் கிடைக்கும் 5 மி.மீ. திருகாணியின் பிட்ச் 0.8. பிட்ச் ஒன்றுபோல இருப்பதால் பித்தளைத் துளைக்குள் அது தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அதன் பிறகு சரியான திருகாணி அங்கே நிற்காது.

ஆகவே வெர்னியர் காலிப்பர் ஒன்று, மெட்ரிக்குக்கும் அங்குலத்துக்கும் தனித்தனி மரை கேஜ், இந்த மூன்றும் இல்லாமல் பழைய காரைத் தொடக்கூடாது. விலையும் பெரிதில்லை. விட்டத்தை அளந்து, பிட்ச்சைக் கேஜில் ஒப்பிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். பல்லுக்கும் மரைக்கும் நடுவே கீற்றாக ஒளி கசிந்தால் அது வேறு மரை. பிரிட்டனில் செய்த யூனிஃபைட் போல்ட்டுகளுக்கு ஒரு நல்ல அடையாளமும் உண்டு: தலையின் மேல் வட்டமான பள்ளம், அல்லது அறுகோணப் பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சிறு வட்டங்கள்.

செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்த தமிழர்களின் தலைமுறைக்கு விட்வொர்த் ஸ்பேனர் கைப்பழக்கம். அந்த ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். 1/4 என்று எழுதிய விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், ஏறத்தாழ 13.3 மி.மீ. அதே ஸ்பேனர் 5/16 பி.எஸ்.எஃப்.க்கும் பொருந்தும். 13 மி.மீ. ஸ்பேனர் அந்த நட்டில் ஏறாது, 14 ஏறும், ஆனால் வழுக்கும். இன்று நாம் காணும் முனை மழுங்கிய பிரிட்டிஷ் நட்டுகளில் பெரும்பாலானவை இப்படி மழுங்கியவைதான். தாத்தா விட்டுப்போன பெட்டியில் அந்த ஸ்பேனர்கள் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள்.

மரை பொருந்திய பிறகு பலம். தலையில் 8.8 என்றிருந்தால், முதல் எண் இழுவிசைத் தாங்குதிறன் சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ள 8, அதில் 80 விழுக்காடு வரை, அதாவது 640 வரை, நீண்டுபோகாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது. 10.9, 12.9 என்று பலம் ஏறும். அமெரிக்கக் குறியில் மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8, முன்னது 8.8க்கும் பின்னது 10.9க்கும் ஏறத்தாழ நிகர். பழைய பிரிட்டிஷ் போல்ட்டில் ஆர், எஸ், டி, வி என்ற எழுத்துகள் இருக்கும். சதுர அங்குலத்துக்கு முறையே 45, 50, 55, 65 டன். எந்தக் குறியும் இல்லாத போல்ட்டை மென்மையானதாகவே கருத வேண்டும். நம்பர் பிளேட்டுக்கும் மட்கார்டுக்கும் அது போதும். ஸ்டீயரிங் ஆர்முக்கு அல்ல.

தலைக்குறியே பொய்யாக இருந்த காலமும் உண்டு. 1980களில் அமெரிக்கச் சந்தையில் கிரேடு 8 என்ற குறியோடு மலிவான போரான் எஃகுப் போல்ட்டுகள் பெருமளவில் புகுந்தன. சூட்டில் அவை பலம் இழந்தன. அதன் பிறகே 1990இல் அங்கே போல்ட் தரத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. சஸ்பென்ஷனுக்கும் இன்ஜினின் உள்ளுக்கும் வேண்டியதைத் தயாரிப்பாளர் பெயர் தெரியாத மூட்டையிலிருந்து அள்ளிக்கொள்ளாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதிகப் பலம் எப்போதும் நல்லதா என்றால், இல்லை. போல்ட் இறுகும்போது மிகச் சிறிதளவு நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி தலைக்கடியில் உராய்வில் கரைகிறது, நாற்பது விழுக்காடு மரை உராய்வில்; பத்து விழுக்காடு அளவே நீட்சிக்குப் போகிறது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் இந்தக் கணக்கு முழுதும் மாறிவிடும். பட்டறைக் கையேடு உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய மரையில் அப்படியே கொடுத்தால், போல்ட் தன் எல்லையைத் தாண்டி இழுபடும். மென்மையான வார்ப்பு இரும்பிலோ அலுமினியத்திலோ 12.9 போல்ட்டைப் போட்டு அதற்குரிய முறுக்கைக் கொடுத்தால் போல்ட் தப்பிக்கும், துளையின் மரை உரிந்து வரும். பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலவை. அதிலிருந்து ஸ்டட் மரையோடு பிய்ந்து வருவது அந்த இன்ஜினை அவிழ்க்கிறவர்களுக்குப் பழகிய துன்பம். எஃகு உறை வைத்துத் துளையைப் புதுப்பித்த பிறகே மேலே போக முடியும். பிரிட்டிஷ் இன்ஜின்களில் பல ஸ்டட்டுகளின் ஒரு முனை கரடு மரை, மறுமுனை நெருக்க மரை. வார்ப்புக்குள் போகும் பக்கம் கரடு, நட் ஏறும் பக்கம் நெருக்கம். காரணம் தெரியாதவர்கள் இரு முனையும் ஒரே மரையாக ஸ்டட் கடைந்து வாங்குகிறார்கள், அது பின்னடைவு.

போல்ட்டின் நீளத்திலும் கவனம் வேண்டும். சஸ்பென்ஷன் புஷ் வழியாகப் போகும் போல்ட்டில், குறுக்கு விசை விழும் இடத்தில் மரையில்லாத வழுவழுப்பான தண்டு இருக்க வேண்டும். முழுக்க மரை வெட்டிய போல்ட்டை அங்கே போட்டால் விசை மரையின் பள்ளத்தில் விழும். விரிசல் அங்கிருந்தே தொடங்கும். நீளம் சற்றுக் கூடுதலாக வாங்கி மரைப் பகுதியில் மிஞ்சியதை வெட்டிக்கொள்வது, முழு மரையோடு சமாளிப்பதைவிடப் பலமடங்கு நல்லது.

இனி ஸ்டெயின்லெஸ். ஆண்டு முழுக்க மழை, ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊர் இது. கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக்காற்றும் சேரும். எல்லாப் போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்ற ஆசை இயல்பானது. பளபளப்பும் கிடைக்கும். ஆனால் கடையில் பொதுவாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 நியூட்டனிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். 8.8க்கு அந்த எல்லை 640. பிரேக் காலிப்பரிலோ ஸ்டீயரிங்கிலோ இந்த வேறுபாட்டை ஏற்க முடியாது. ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் இறுக்கும்போது மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றிக்கொள்வதும் உண்டு. பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அலுமினியத்தோடு சேர்ந்து ஈரம் பட்டால், அரிபடுவது அலுமினியம். மட்கார்டு, பம்பர், கிரில், டேஷ்போர்டு ஆகிய இடங்களில் ஸ்டெயின்லெஸ் தாராளமாகப் போடலாம், நானும் பரிந்துரைப்பேன். பாரம் தாங்கும் இடத்தில் அது நுழையக்கூடாது.

அங்கே வேண்டியது சரியான தரத்து எஃகும் நல்ல பூச்சும். பழைய போல்ட் முழுமையாக இருந்தால், சுத்தம் செய்து மீண்டும் துத்தநாகம் பூசிப் போடுவதே என் முதல் விருப்பம். மரையும் நீளமும் தலைக்குறியும் அதில் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அமிலத்தில் முக்கி மின்பூச்சு செய்யும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுகிறது. 10.9க்கும் அதற்கு மேலும் உள்ள போல்ட் இதனால் நொறுங்கும் தன்மை பெற்று, இறுக்கிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ தலை தெறித்துப் போகலாம். பூச்சு முடிந்தவுடன் 200 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறும். பிளேட்டிங் கடைக்காரரிடம் அதைச் செய்கிறீர்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், அதிகப் பலமுள்ள போல்ட்டுகளை அங்கே கொடுக்காமல் புதிதாக வாங்குவதே நலம்.

கிடைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மெட்ரிக் எங்கும் கிடைக்கும். யு.என்.எஃப்., யு.என்.சி. போல்ட்டுகள் தொழிற்சாலைகளுக்கு விற்கும் பெரிய ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பி.எஸ்.எஃப்., பி.ஏ. இரண்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதே உறுதியான வழி. ஜப்பானிய வண்டிகளுக்கு ஹாஃப் கட் கடைகள் பெரும் உதவி. ஜப்பானிலிருந்து வந்த பாதி வண்டிகளில் 12, 14 தலையுள்ள அசல் போல்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. இன்ஜின் வாங்கும்போது அதன் போல்ட்டுகளையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிட வேண்டும். கன் ராட் போல்ட், நைலான் வளையமுள்ள லாக் நட், ஸ்பிளிட் பின் ஆகியவற்றை மட்டும் பழையதில் எடுக்காதீர்கள். அந்த நைலான் 120 பாகை அளவிலேயே வலுவிழப்பதால், புதிய லாக் நட்டைக்கூட எக்ஸாஸ்ட் பக்கம் போடக்கூடாது. அங்கே பித்தளை நட்தான் பொருத்தம்.

கிடைக்காத மரையை மெட்ரிக்காக மாற்றி வெட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துளை அழிந்துபோன இடத்தில், வேறு வழியே இல்லாதபோதுகூட, உள்மரைச் சுருள் போட்டு அதே அளவை மீட்பது மேல். காரின் பாதி அங்குலமும் பாதி மெட்ரிக்குமாக ஆகிவிட்டால், அடுத்து அதைத் தொடுகிறவர் எந்த மூட்டையும் நம்ப முடியாது. கண்காட்சிக்காரர்களோடு நான் முழுதாக ஒத்துப்போகும் இடம் இது: அசல் மரையைக் காப்பது அழகுக்காக மட்டுமல்ல, அடுத்தவரின் பாதுகாப்புக்காகவும்தான். மாற்றியே ஆக வேண்டி வந்தால், எங்கே மாற்றினோம் என்பதை எழுதி வண்டியின் கோப்பில் வைக்க வேண்டும்.

இரண்டு இடங்களைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். ஒன்று, சீட் பெல்ட். நம் நாட்டில் முன்சீட் பெல்ட் கட்டாயமானது 1979இல், பின்சீட்டுக்கு 2009இல். எனவே பெல்ட்டே இல்லாமல் வந்த மைனரிலும் பீட்டிலிலும் பின்னால் பொருத்திய பெல்ட்டுகளே அதிகம். பெல்ட் நங்கூரப் போல்ட்டுக்கு உலகம் முழுக்க வழங்கும் அளவு 7/16 அங்குலம், 20 மரை, யு.என்.எஃப். மெட்ரிக் கார்களிலும் பெரும்பாலும் அதுவே. அந்தத் துளையில் 11 அல்லது 12 மி.மீ. போல்ட்டைத் திணித்திருப்பதைக் கண்டால், அந்தப் பெல்ட்டை நம்பிப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

மற்றது பிரேக் குழாய். பிரிட்டிஷ் வண்டிகளில் குழாய் முனை 3/8 அங்குலம், 24 மரை. ஜப்பானிய, ஐரோப்பிய வண்டிகளில் 10 மி.மீ., பிட்ச் 1. முன்னது 9.5 மி.மீ. என்பதால் பின்னதன் துளைக்குள் தளர்வாக ஏறி, இறுக்கினால் நின்றும்விடும். கேரேஜில் பெடலை மிதித்துப் பார்க்கும்போது கசிவு தெரியாமலும் போகலாம். மினிக்கு ஜப்பானிய மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய வண்டியை வாங்கினால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு முனையையும் கழற்றிக் கேஜில் வைத்துப் பாருங்கள். குழாயின் நுனி விரிப்பும் வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் உள்மடிப்பாகவும் சிலவற்றில் குமிழாகவும் இருக்கும். மரை சரியாக இருந்து விரிப்பு மாறினாலும் அந்த மூட்டு எண்ணெயைப் பிடித்து நிறுத்தாது.